கடற்புல் வெளிகளும் மீன் வளமும்

(தில்லியில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கிலோமீட்டர் என்று பள்ளிப் பாடநூல்கள் நெடுங்காலமாகக் கூறிவந்தன. அண்மையில் நுண்ணிய முறையில் மீண்டும் அளந்தபோது அது 11,098 கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்டது. கரையின் நெளிவு சுளிவுகளையெல்லாம் இவ்வளவு துல்லியமாக அளக்க முடிந்த ஒரு நாட்டில், அக்கரையை ஒட்டிய கடலின் அடித்தரையில் என்ன விளைகிறது, அது ஆண்டுக்காண்டு எவ்வளவு குறைகிறது என்பதற்குத் தொடர்ந்த கணக்கு இன்னும் உருவாகவில்லை. தில்லிக்கு வந்துசேரும் மீன்வளப் புள்ளிவிவரங்களில் பிடிபட்ட மீனின் எடை உண்டு. படகுகளின் எண்ணிக்கை உண்டு. ஏற்றுமதியின் மதிப்பும் உண்டு. அந்த மீன் குஞ்சாய் இருந்து வளர்ந்த இடத்தைக் குறிக்கும் பத்தி மட்டும் அப்பட்டியல்களில் இல்லை. கடற்புல் வெளிகளைப் பற்றிய இவ்வுரைக்குக் காரணம் அந்த விடுபட்ட பத்தியேயாகும்.

கடற்புல் என்றவுடன் பலரும் கடற்பாசியை நினைத்துக்கொள்கின்றனர். இரண்டும் வேறானவை. பாசிக்கு வேர் இல்லை, பூவும் இல்லை. கடற்புல்லோ நிலத்தில் வளரும் நெல்லையும் அறுகையும் போல் வேர், மட்டத்தண்டு, இலை, பூ, காய், விதை அனைத்தும் கொண்ட பூக்குந் தாவரம். நிலத்தில் தோன்றிய தாவரக் குலங்களுள் சில, பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு மீண்டும் கடலுக்குள் இறங்கி உப்புநீரில் வாழப் பழகிக்கொண்டன. அவற்றின் வழித்தோன்றல்களே இன்றைய கடற்புற்கள். உலகில் ஏறத்தாழ 70 இனங்களே உள்ளன. பாக் விரிகுடாக் கரையின் பல ஊர்களில் மீனவர்கள் இதனைத் தாழை என்று வழங்குகின்றனர். நீண்ட பட்டையிலை கொண்டதும் உண்டு; நாணயம் அளவே இலை கொண்டு மணலோடு மணலாய்ப் படர்வதும் உண்டு.

புல் என்பதால் இதற்குச் சூரிய ஒளி இன்றியமையாதது. ஆகவே ஒளி தரையைத் தொடும் ஆழங்குறைந்த, தெளிந்த, அலையடங்கிய நீரிலேயே இது செழிக்கும். இந்தியாவில் இத்தகைய நீர்ப்பரப்பு மிகுதியாக அமைந்திருப்பது தமிழகத்தின் தென்கிழக்கில்தான். கோடியக்கரை முதல் இராமேசுவரம் வரை வளைந்து கிடக்கும் பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. அதற்குத் தெற்கே தூத்துக்குடி வரை 21 தீவுகள் வரிசையாய் அமைந்த மன்னார் வளைகுடா. இந்தியாவின் கடற்புல் வெளிகள் மொத்தம் 500 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று செயற்கைக்கோள் படங்களின் துணைகொண்டு மதிப்பிடப்பட்டுள்ளது. அவற்றில் மிகப்பெரும்பகுதி இவ்விரு கடற்பரப்புகளிலேயே உள்ளது. எஞ்சியவை இலட்சத்தீவுகள், அந்தமான் நிகோபார், கட்ச் வளைகுடா, சிலிகா ஏரி ஆகிய இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பெரிய மாவட்டத்தின் வட்டம் ஒன்றின் பரப்புகூட இராது. இவ்வளவு சிறிய நிலத்தின்மீது எவ்வளவு பெரிய பொறுப்பு சுமத்தப்பட்டிருக்கிறது என்பதை அடுத்துக் காணலாம்.

கடலில் பெரும்பாலான மீன்களின் முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் மிதந்து திரிவன. இலட்சக்கணக்கான முட்டைகளில் ஒன்றிரண்டே முழு மீனாகும். இழப்பு முழுவதும் நேர்வது முதல் சில வாரங்களில். மிதவை வாழ்வு முடிந்து தரையில் தங்கும் பருவத்தை எட்டும் குஞ்சுக்கு இரண்டு தேவைகள்: ஒளிந்துகொள்ள இடம், வாய்க்குச் சிறிதான இரை. கடற்புல் இவ்விரண்டையும் ஒருங்கே தருகிறது. அடர்ந்த இலைகளுக்கிடையே பெரிய மீன் நுழைய இயலாது. இலையின் மேற்பரப்பில் ஒட்டி வளரும் நுண்பாசியையும் அதனை மேயும் சிறு இறால் வகைகள், நத்தைகள், புழுக்கள் ஆகியவற்றையும் குஞ்சு உண்டு வளர்கிறது. புல்லை நேராக மேயும் மீன்கள் சிலவே. புல் உதிர்ந்து மக்கி, அந்த மக்கில் வளரும் உயிர்களே பெரும்பாலானவற்றுக்கு உணவாகின்றன. நெல்வயலில் வைக்கோல் மக்கி எருவாவதோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் இங்கு எருவை இடுபவர் ஒருவரும் இலர்.

இராமநாதபுரம் கரையில் நாள்தோறும் கரைசேரும் மீன்களுள் ஒரா, விளைமீன், நகரை, காரல் ஆகியவை தம் வாழ்வின் ஒரு பருவத்தையேனும் புல்வெளியில் கழிப்பவை. ஒரா புல்லையும் பாசியையும் மேய்வது. விளைமீன் குஞ்சாய் இருக்கும்போது புல்லில் தங்கி, வளர்ந்தபின் பவளப்பாறைக்கும் ஆழத்துக்கும் செல்வது. ஆகவே புல்வெளி இல்லாத பாறையில் பிடிபடும் மீனும் புல்வெளிக்குக் கடன்பட்டதே. நீலக்கால் நண்டு புல்லின் அடியில் மணலில் புதைந்து வாழ்கிறது. கணவாய் தன் முட்டைச் சரங்களைப் புல்லின் தண்டிலும் ஒட்டிவைக்கிறது. எல்லாவற்றிலும் பொருளாதார முதன்மை பெறுவது பச்சைவரி இறால். பெனேயஸ் செமிசல்கேட்டஸ் என்னும் அறிவியல் பெயர் கொண்ட இவ்விறாலின் இளம்பருவம் கடற்புல்லை விட்டால் வேறு புகலிடம் அறியாதது எனலாம். ஆழமற்ற புல்வெளியில் வளர்ந்து, முக்கால் பருவத்தில் ஆழம் நோக்கிச் செல்லும்போதுதான் அது இழுவலையில் விழுகிறது. வலைக்காரர் அறுவடை செய்வது ஓரிடத்தில்; பயிர் வளர்ந்தது மற்றோரிடத்தில்.

புல்வெளி அழிந்தால் மீன் குறையும் என்பது எளிதாய்த் தோன்றும். நடைமுறையில் அது எளிதாய்க் கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பதே சிக்கல். முதலாவதாக, காலத் தாழ்வு. இன்று அழியும் புல் இன்றைய முழு மீனைக் கொல்வதில்லை. அடுத்த ஆண்டின் குஞ்சுக்கு இடமில்லாமற் செய்கிறது. அது சந்தையில் தெரிய இரண்டு மூன்று ஆண்டுகள், நீண்ட ஆயுள் கொண்ட மீன்களாயின் இன்னும் பல ஆண்டுகள் ஆகும். இரண்டாவதாக, எல்லா மீனும் ஒன்றுபோலக் குறைவதில்லை. புல் போன இடத்தில் வெறும் மணல் தோன்றுகிறது. மணலை விரும்பும் சில இனங்கள் அங்குப் பெருகவும் கூடும். மொத்த எடையை மட்டும் காண்பவருக்கு மாற்றம் ஏதுமில்லை என்றே படும். விளைமீன் போய்ச் சிறுமீன் வந்ததை எடைக்கல் அறியாது. மூன்றாவதாக, பிடி குறையத் தொடங்கியதும் படகுகள் கூடுதல் விசையோடும் சிறிய கண்ணியுள்ள வலையோடும் மேலும் தொலைவு செல்கின்றன. கரைசேரும் டன் கணக்கு பல ஆண்டுகள் சரியாமல் நிற்கிறது. இந்திய நாட்டின் கடல்மீன் பிடிப்பு, கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தால் மாதிரிக் கணக்கெடுப்பு முறையில் மதிப்பிடப்படுகிறது. 1947-இல் தோன்றி, தொடக்கக் காலத்தில் மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்த இந்நிலையத்தின் மதிப்பீட்டு முறை உலகின் வெப்பமண்டல நாடுகள் பலவற்றுக்கும் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது. ஆயினும் அது மீனை எண்ணுவது இறங்குதளத்தில். மீன் எந்தத் தரையிலிருந்து வந்தது என்பதை இறங்குதளம் சொல்லாது.

பொருளாதார மாணவர்களுக்கு இது புதிதன்று. முதலைத் தின்று அதனை வருவாய் என எழுதுவது எவ்வாறோ, அவ்வாறே புல்வெளியை உழுது கிடைத்த இறாலை உற்பத்தி என எழுதுவதும்.

இந்த உழவு தொடங்கிய வரலாறு தில்லியோடு நெருங்கிய தொடர்புடையது. விடுதலைக்குப் பின் மக்களுக்குப் புரதவுணவு, நாட்டுக்கு அந்நியச் செலாவணி என்னும் இரு நோக்கங்களோடு மீன்பிடித் தொழில் விசைமயமாக்கப்பட்டது. 1952-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி கேரளத்தில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் இத்துறையில் முன்னோடி. 1966-இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்ட பின்னர் இறால் ஏற்றுமதி பெரும் ஆதாயமுடையதாயிற்று. 1972-இல் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் அமைந்தது. விசைப்படகுக்கு மானியமும் கடனும் கிடைத்தன. பாய்மரமும் வள்ளமும் கரைவலையும் ஆண்ட பாக் விரிகுடாவில் இழுவலைப் படகுகள் நூற்றுக்கணக்கில் பெருகின. அக்காலத்துத் திட்டக்குழுவினரைக் குறைகூறுதல் முறையாகாது. பஞ்சத்தை நேரில் கண்ட ஒரு தலைமுறை, உற்பத்தியைப் பெருக்குவதே கடமை என்று கொண்டது. கடலடியில் புல் இருப்பதும் அதற்கு ஒரு வேலை இருப்பதும் அன்று திட்ட ஆவணங்களுக்கு எட்டாத செய்திகள்.

இழுவலை என்பது பை போன்ற வலை. அதன் வாயை விரித்துவைக்க இரு பலகைகள். அடியில் இரும்புச் சங்கிலி. படகு மணிக்கணக்கில் இதனைத் தரையோடு இழுத்துச் செல்லும். இறால் தரையில் கிடப்பதால் சங்கிலி தரையைக் கிளறியே ஆகவேண்டும். புல்லின் இலை அறுந்தால் சில வாரங்களில் மீண்டும் தழைக்கும். மட்டத்தண்டு பெயர்ந்தால் இனத்துக்கேற்ப ஆண்டுகள் ஆகலாம். சிறிய இலை கொண்ட இனங்கள் விரைந்து மீளும். நீண்ட பட்டையிலை கொண்ட பெரிய இனம் மெல்ல மெல்லவே படரும். மேலும், வேரின் பிடி தளர்ந்த தரையில் சேறு கிளம்பி நீர் கலங்குகிறது. கலங்கிய நீரில் ஒளி குறைகிறது. ஒளி குறைய அண்டையிலுள்ள புல்லும் நலிகிறது. ஓரிடத்தில் தொடங்கிய அழிவு தானே பரவும் வழி இதுதான். வலையில் வருவதில் இறால் ஒரு பங்கே. எஞ்சியவை கையளவுகூட இல்லாத மீன்குஞ்சுகள். கரையில் அவற்றுக்குச் சங்காயம் என்று பெயர். உலர்த்திக் கோழித்தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் விற்கப்படுகின்றன. வளர்ந்தால் குடும்பத்துக்கு உணவாகியிருக்கக்கூடிய விளைமீனும் ஒராவும் கோழிக்கு இரையாவதை உற்பத்திப் பெருக்கம் என்று பெயரிட்டு அழைப்பது எவ்வாறு என்று நாட்டுப்படகு மீனவர் கேட்பதில் நியாயம் உண்டு. புல் அழிவும் குஞ்சு அழிவும் ஒரே வலையில் நிகழ்வதால், மீன் குறைந்ததற்கு எது எவ்வளவு காரணம் என்று பாக் விரிகுடாவில் பிரித்துக் கூறுவது அறிவியலாருக்கும் கடினமாயிருக்கிறது.

அவ்வாறு பிரித்துக் காணத்தக்க ஓர் இடமும் இந்தியாவிலேயே உள்ளது. அது இலட்சத்தீவுகள். அங்கு இழுவலை இல்லை. பவளப்பாறை வளையத்துக்குள் அமைந்த அமைதியான காயல்களில் கடற்புல் செழித்திருந்தது. முன்னாளில் அத்தீவினர் பேராமையைப் பிடித்து அதன் கொழுப்பைப் படகுகளுக்குப் பூசினர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆமையைக் காத்தது. ஆமையை உண்ணும் பெருஞ்சுறாக்களோ உலகெங்கும் குறைந்துவந்தன. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அகத்தித் தீவின் காயலில் பேராமைகள் பெருந்திரளாய்க் கூடி மேயலாயின. மைசூரைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் இதனைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். புல் குட்டையாகி, அடர்த்தி குறைந்து, இறுதியில் வெறுந்தரையாயிற்று. ஒரு காயலில் மேய்ச்சல் தீர்ந்ததும் ஆமைகள் அடுத்த தீவின் காயலுக்குச் சென்றன. அங்கும் அவ்வாறே நேர்ந்தது. ஆமை மிகுதியாய் மேய்ந்த புல்வெளிகளில் மீன் குறைவாகவும், மேயாத புல்வெளிகளில் மிகுதியாகவும் இருந்தது. இதனை ஆய்வாளருக்கு முன்பே உணர்ந்தவர்கள் அகத்தி மீனவர்கள். வெளிக்கடலில் சூரை பிடிக்க இயலாத பருவமழை மாதங்களில் அவர்களுக்குக் காயல் மீனே உணவு. அது குறைந்ததற்கு ஆமையே காரணம் என்று அவர்கள் கூறினர். ஒருவர் வலையும் தரையைத் தொடாத இடத்தில், புல் போனதாலேயே மீன் போயிற்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று கிடைப்பது அரிது.

இதனால் ஆமையைப் பாதுகாத்தது தவறு என்பது பொருளன்று. ஓர் உயிரை அட்டவணையில் சேர்ப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை என்பதே பொருள். அட்டவணையில் ஆமை இருந்தது. அது மேயும் புல் இல்லை. புல்லை நம்பிய தீவினரும் இல்லை.

வெளிநாட்டு அனுபவம் இரண்டைச் சுருக்கமாகக் கூறலாம். 1930-ஆம் ஆண்டுகளில் வட அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் ஜோஸ்டெரா என்னும் கடற்புல்லை ஒரு நோய் தாக்கி, பெரும்பகுதியை அழித்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலக் கடற்கரைக் காயல்களில் நோயோடு 1933-ஆம் ஆண்டின் புயலும் சேர்ந்து புல்லை அடியோடு இல்லாமற் செய்தது. புல்லில் ஒட்டி வளரும் விசிறிச் சிப்பித் தொழில் அங்கு அத்தோடு முடிவுற்றது. புல் தானாகத் திரும்பவில்லை. விதை வர வழியில்லாததே காரணம் என்று கண்ட ஆய்வாளர்கள் 1990-களின் இறுதியிலிருந்து கோடிக்கணக்கான விதைகளைக் கையால் தூவினர். இருபது ஆண்டுகளில் 3,600 எக்டேர் அளவுக்குப் புல்வெளி மீண்டது. 2009-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று, 1879 முதல் அளந்து பதியப்பெற்ற கடற்புல் பரப்பில் 29 விழுக்காடு மறைந்துவிட்டது என்றும், 1940-க்கு முன் ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாயிருந்த இழப்பு 1990-க்குப் பின் 7 விழுக்காடாக உயர்ந்தது என்றும் கூறிற்று. உலகின் மிகப்பெரிய 25 மீன்பிடி இனங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கடற்புல்லைக் குஞ்சு வளர்ப்பிடமாகக் கொண்டவை என்பது பின்னர் வெளிவந்த மற்றோர் ஆய்வின் முடிவு.

மீண்டும் பாக் விரிகுடாவுக்கு வருவோம். சட்டங்கள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ஆம் ஆண்டினது. கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை விசைப்படகுகளுக்கு இடமில்லை. இரட்டைமடி வலைக்குத் தடை உண்டு. இராமநாதபுரம் கரையில் விசைப்படகு மூன்று நாள், நாட்டுப்படகு நான்கு நாள் என்னும் முறைவைப்பும் உண்டு. 2001 முதல் 45 நாள்களாயிருந்த கோடைக்காலத் தடை 2017 முதல் 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. 2011, 2019 ஆண்டுகளின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகள் கடற்புல் படுகைகளைச் சூழலியல் நுண்மை மிக்க பகுதிகளின் வரிசையில் வைத்துள்ளன. மன்னார் வளைகுடாவில் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவும், 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் உயிர்க்கோளக் காப்பகமும் அமைந்தன. 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. ஆவுளியா எனப்படும் கடற்பசு நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் புல் மேய்வது. அதனைக் காக்கப் புல்லைக் காக்கவேண்டும் என்பதால், கடற்பசுவின் நிழலில் மீனுக்கும் ஒரு காப்பு கிடைத்துள்ளது. கடற்புல்லுக்காக ஒரு காப்பகம் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. கண்ணுக்கினிய விலங்கு ஒன்று இருந்தால்தான் கோப்பு நகர்கிறது.

ஆயினும் மூன்று கடல்மைல் எல்லை நடைமுறையில் மீறப்படுவது அனைவரும் அறிந்தது. மீறுவோரைப் பேராசைக்காரர் என்று கூறி நிறுத்திக்கொள்வது எளிது. உண்மை சற்றுச் சிக்கலானது. பாக் விரிகுடாவில் 1974-இல் வரையப்பட்ட பன்னாட்டுக் கடல் எல்லை சில இடங்களில் கரைக்கு மிக அருகில் செல்கிறது. இப்பக்கம் மூன்று கடல்மைல் விலக்கப்பட்டால், எல்லைக்கோடு வரை எஞ்சுவது ஒடுங்கிய பட்டை. அதில் இத்தனை படகுகளுக்கு இடமில்லை. ஆகவே அவை கரைப்பக்கம் புல்வெளிக்குள் வருகின்றன, அல்லது எல்லை தாண்டிச் செல்கின்றன. இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில் வடபுலத்துத் தமிழ் மீனவர் கடலுக்குள் செல்லத் தடை இருந்தது. அக்கடல் வெறுமையாய்க் கிடந்தது. 2009-க்குப் பின் அவர்கள் திரும்பியபோது தம் வலைகள் அறுபடுவதையும் கடலடி கிளறப்படுவதையும் கண்டனர். இலங்கை 2017-இல் அடிமட்ட இழுவலையைச் சட்டத்தால் தடை செய்தது. இரு கரைகளிலும் ஒரே மொழி பேசும் எளிய மீனவர்களுக்கிடையிலான இப்பூசலின் அடியில், ஒரே புல்வெளியின் இரு பாதிகள் கிடக்கின்றன. நாளிதழ்களில் கைது எண்ணிக்கை வருகிறது, புல்வெளி வருவதில்லை.

இதே 2017-இல் மத்திய அரசு தமிழக அரசோடு சேர்ந்து ஒரு மாற்றுத் திட்டம் வகுத்தது. மூன்று ஆண்டுகளில் 2,000 இழுவலைப் படகுகளை விலக்கி, அவற்றின் உரிமையாளருக்கு ஆழ்கடலில் சூரை பிடிக்கும் தூண்டில் படகுகளை அளிப்பது நோக்கம். படகொன்றின் விலை 80 இலட்சம் ரூபாய். அதில் 50 விழுக்காடு மத்திய அரசும் 20 விழுக்காடு மாநில அரசும் ஏற்க, 20 விழுக்காடு வங்கிக் கடன், 10 விழுக்காடு பயனாளியின் பங்கு. நோக்கம் பாராட்டுக்குரியது. ஆனால் குறியளவில் ஒரு சிறு பகுதியே நிறைவேறிற்று. ஒரு நாளில் சென்று திரும்பும் இறால் தொழிலில் பழகியவரை வாரக்கணக்கில் வெளிக்கடலில் தங்கும் சூரைத் தொழிலுக்கு மாற்றுவது படகை மாற்றுவதைவிடக் கடினம். ஆழ்கடல் படகுக்கு ஆழமான துறைமுகம் வேண்டும். பனிக்கட்டியும் குளிர்பதனமும் வேண்டும். சூரைக்கு விலைதரும் சந்தை வேண்டும். அத்தொழிலறிந்த ஆட்கள் வேண்டும். பத்து விழுக்காடு பங்கென்பது எட்டு இலட்சம். கடனோ பதினாறு இலட்சம். மானியத்தின் விழுக்காட்டைக் கூட்டுவதைக் காட்டிலும் இந்தத் துணையமைப்புகளை முன்னதாக நிறுவுவதே பயன் தரும். படகுத் தொழிலாளரைப் பற்றித் திட்டத்தில் இடம் குறைவு என்பதும் கவனிக்கத்தக்கது. உரிமையாளர் புதுப் படகு பெறுகிறார். கூலிப்பங்குக்கு உழைத்தவர் எங்கே செல்வார்?

கடற்பாசி வளர்ப்பு மற்றொரு மாற்றுத் தொழில். 2020-இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தின்கீழ் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு பல்நோக்குப் பாசிப் பூங்காவுக்கு வழிசெய்யப்பட்டுள்ளது. மகளிர்க்கு வருவாய் தரும் தொழில் இது என்பதில் ஐயமில்லை. மூங்கில் மிதவைகளை எங்கே நிறுத்துவது என்பதில்தான் கருத்து வேண்டும். புல்வெளிக்கு நேர்மேலே மிதவைகளை நெருக்கி நிறுத்தினால் கீழே ஒளி செல்லாது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்ததாய் முடியும். வெறுமணல் தரைக்கு மேல் நிறுத்தினால் இச்சிக்கலே எழாது. இதற்குத் தேவை ஒரு வரைபடம் மட்டுமே.

அழிந்த புல்லை மீண்டும் நடமுடியுமா? முடியும் என்று காட்டியுள்ளனர். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையம் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் இப்பணியைச் செய்துவருகிறது. தஞ்சைக் கடற்கரையில் ஓம்கார் அறக்கட்டளை மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு கட்டி, அதில் புல் நாற்றுகளைப் பிணைத்துக் கடலடியில் பதிக்கும் முறையைக் கையாண்டுள்ளது. மூங்கிலும் கயிறும் மக்கிப்போக, புல் வேர்பிடித்துக்கொள்கிறது. நாற்று நடுவது தமிழக உழவர்க்குப் புதிதன்று. நீருக்கடியில் மூச்சை அடக்கி நடுவதுதான் புதிது. ஆனால் இம்முயற்சிகள் எக்டேர் கணக்கில் நடப்பவை. இழப்போ சதுர கிலோமீட்டர் கணக்கில் நிகழ்வது. மேலும், இழுவலை வரும் இடத்தில் நட்டது நிலைக்காது. கலங்கலுக்குக் காரணமான கழிவுநீரும் சேறும் நிற்காவிட்டாலும் நிலைக்காது. காப்பதற்கு ஆகும் செலவு நடுவதற்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்கே என்பதை நிதி ஒதுக்குவோர் கருதவேண்டும்.

அண்மைக் காலமாகக் கடற்புல்லின் பெயர் கரியமிலவாயுவை அடக்கிவைக்கும் ஆற்றலுக்காகப் பன்னாட்டு மாநாடுகளில் பெரிதும் பேசப்படுகிறது. 2022-இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை மார்ச்சு முதல் நாளை உலகக் கடற்புல் நாளாக அறிவித்தது. நல்லதே. எனினும் கரியின் விலை உலகச் சந்தையில் ஏறி இறங்குவது. தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் கூடையோடு நிற்கும் பெண்ணுக்கு மீன் வேண்டும். இந்தியாவில் கடற்புல்லைக் காப்பதற்கு முதற்காரணமாய் மீனைச் சொல்வதே பொருந்தும்.

விலை மதிப்பிடுவோர் ஒரு செய்தியை நினைவிற்கொள்வது நன்று. 1997-இல் வெளியான புகழ்பெற்ற உலக மதிப்பீடு ஒன்று, கடற்புல் மற்றும் பாசிப் படுகைகள் எக்டேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 19,000 டாலர் மதிப்புள்ள பணிகளை நல்குவதாகக் கூறிற்று. அதில் பெரும்பங்கு ஊட்டப்பொருள்களைச் சுழற்றும் பணிக்கு உரியது. மீனுக்குரியது மிகச் சிறிது. இவ்வெண்ணை எடுத்துப் பாக் விரிகுடாவின் பரப்பால் பெருக்கி ஒரு பெருந்தொகை காட்டுவது மேடைக்கு உதவும், திட்டமிடுதற்கு உதவாது. வேண்டுவது எளிய உள்ளூர்க் கணக்கு. புல்வெளி உள்ள கடற்பகுதியிலும் இல்லாத கடற்பகுதியிலும் ஒரே வகை வலையை ஒரே நேரம் வீசினால் எத்தனை குஞ்சு, எந்த இனம், என்ன அளவு என்பதை ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் பதிவது. 2018 முதல் மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் சுற்றுச்சூழல் கணக்குகளை வெளியிட்டுவருகிறது; காடு, நீர், நிலம் ஆகியவற்றுக்கு உள்ள ஏடுபோல் கடலடிக்கும் ஓர் ஏடு திறக்க இதுவே தக்க வழி.

நிர்வாகத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அரசியலமைப்பின்படி ஆட்சிக்கடலுக்குள் மீன்பிடித்தல் மாநிலத்தின் பொறுப்பு; அதற்கப்பால் மத்திய அரசின் பொறுப்பு. தில்லியில் மீன்வளத்துக்கு 2019 முதல் தனித் துறை இருக்கிறது. கடற்புல்லும் கடற்பசுவும் ஜோர்பாக்கிலுள்ள சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பொறுப்பில் உள்ளன. மாநிலத்திலும் அவ்வாறே மீன்வளத் துறை ஒன்று, வனத்துறை ஒன்று. மீனுக்கு ஒரு கோப்பு, மீனின் வீட்டுக்கு வேறொரு கோப்பு. இரண்டும் ஒரே மேசைக்கு வரும் நாள் மாவட்ட ஆட்சியரின் கூட்டத்தில் பூசல் எழும் நாள் மட்டுமே.

இவற்றை இணைக்கப் புதிய வாரியம் எதுவும் வேண்டியதில்லை. மூன்று கடல்மைல் என்னும் எல்லை கரையிலிருந்து அளந்த தொலைவேயன்றித் தரையின் தன்மையை நோக்கி வகுத்ததன்று. பாக் விரிகுடாவில் சில இடங்களில் புல் அந்த எல்லையைத் தாண்டியும் பரவியிருக்கிறது. சில இடங்களில் எல்லைக்குள்ளேயே வெறுமணல் கிடக்கிறது. கடற்புல் வெளிகளின் வரைபடம் சென்னையிலுள்ள நிலைத்தகு கடற்கரை மேலாண்மைக்கான தேசிய மையம் முதலிய நிறுவனங்களால் உருவாக்கப்பட்டுள்ளது. விசைப்படகுகளில் இடங்காட்டும் கருவிகள் பொருத்தப்பட்டு வருகின்றன. வரைபடத்தின் எல்லையையே வலைக்கு எல்லையாக்கி, நாட்டுப்படகு, விசைப்படகு இருசாராரின் சங்கங்களோடும் அமர்ந்து ஊர்தோறும் அதனைத் திருத்தி ஒப்புக்கொள்ளச் செய்வது மாவட்ட அளவிலேயே இயலும். தடைக்காலமாகிய ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலான நாள்களில் இழுவலைப் படகுகள் கரையில் நிற்கின்றன. நீர் அப்போது ஓரளவு தெளிந்தும் இருக்கும். ஆண்டுக் கணக்கெடுப்பை அந்நாள்களில் வைத்துக்கொண்டால் அளப்பதற்கும் தடையில்லை, அளப்பவரோடு கடலுக்குள் சென்று இடங்காட்டப் படகோட்டிகளுக்கும் நேரமுண்டு. தடைக்கால உதவித்தொகைக்கு மேல் அவர்களுக்கு ஒரு கூலியும் கிடைக்கும்.